கறிவேப்பிலைச் செடியும் கறுப்புப் பட்டாம்பூச்சியும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல மாடித்தோட்டம் பக்கத்து மூலையில நாலே வரி எழுதியிருந்தேன். கறிவேப்பிலைச் செடியில காக்கா எச்சம் மாதிரி ஒட்டிட்டு இருக்கறது எச்சம் இல்ல, புழு, அது பெரிசானா கறிவேப்பிலை அழகிங்கற பட்டாம்பூச்சி, தயவுசெஞ்சு நசுக்காதீங்கன்னு. அந்த நாலு வரிக்கு வந்த லெட்டரும் வாட்ஸப் மெசேஜும் படிச்சு முடிக்கவே ரெண்டு நாள் ஆச்சு. கோவமா எழுதினவங்களும் இருக்கீங்க, போட்டோ எடுத்து அனுப்பினவங்களும் இருக்கீங்க. அதனால இந்த வாரம் பக்கம் முழுசும் இந்த ஒரு பூச்சிக்குத்தான்.

அக்கா, கொல்லாதீங்கன்னு ஈஸியா சொல்லிட்டீங்க. எங்க வீட்ல தொட்டியில இருக்கறது ஒரே ஒரு கறிவேப்பிலைச் செடி. ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டு வந்து பார்த்தா வெறும் ஈர்க்குச்சிதான் நிக்குது. தாளிக்க ஒரு இணுக்கு இல்ல. என்ன மருந்து அடிக்கலாம், அதைச் சொல்லுங்க முதல்ல.
*வாசகி, ஈரோடு*

உங்க கோவம் நியாயம்தான் தங்கச்சி. ஆசையா வச்ச செடி மொட்டையா நின்னா யாருக்கும் வயிறு எரியும். ஆனா மருந்து மட்டும் வேண்டாம். அடிச்ச மருந்து புழு வயித்துக்கு மட்டும் போகாது, அதே இலைதான் நாளைக்கு உங்க ரசத்துலயும் மிதக்கும்.

முதல்ல அது எப்படித் திங்குதுன்னு தெரிஞ்சுக்கங்க, அப்பறம் சமாளிக்கறது சுலபம். தாய்ப்பூச்சி முட்டையை ஒண்ணு ஒண்ணாத்தான் வைக்கும், கொத்தா வைக்காது. புதுசா துளிர் விட்ட இலையாப் பார்த்து வெளிர் மஞ்சள்ல ஒரு முட்டை, கடுகை விடச் சின்னது. மூணு நாலு நாள்ல பொரிஞ்சு வெளிய வர்ற குட்டிப்புழு முதல்ல திங்கறது அது இருந்த முட்டை ஓட்டையேதான். அதுக்கப்பறம் நாலு தடவை தோலை உரிக்கும். அஞ்சாவது கட்டத்துக்கு வர்ற வரைக்கும் பழுப்பும் வெள்ளையுமா எச்சம் மாதிரியே இருக்கும், அதுவரைக்கும் அது திங்கறது ரொம்பக் கம்மி, உங்க கண்ணுக்கே தெரியாது. நாலாவது தடவை தோலை உரிச்சதும் பச்சைப் பசேல்னு ஆயிடும் பாருங்க, அப்போதான் அசுரப்பசி. வாழ்நாள்ல திங்கற மொத்த இலையில பெரும்பங்கு அந்தக் கடைசி சில நாள்லதான் உள்ள போகுது. நீங்க ஊருக்குப் போன வாரம் அந்த வாரமா இருந்திருக்கும்.

அதனால பச்சையாகறதுக்கு முன்னாடியே எண்ணிப் பாருங்க. இடுப்பளவு தொட்டிச் செடி ஒண்ணு ரெண்டு புழுவைத் தாங்கும், அதுக்கு மேல இருந்தா மீதியை இலையோட கிள்ளி எடுத்து அக்கம்பக்கத்துல தரையில வளர்ந்த பெரிய கறிவேப்பிலை மரத்துல விட்டுடுங்க. எலுமிச்சை, நாரத்தை, வில்வம் எல்லாமே இதே குடும்பம்தான், அதுலயும் இந்தப் பூச்சி முட்டை வைக்கும். ஆனா கறிவேப்பிலையில வளர்ந்த புழு பாதியில இலை மாறினா திங்க மாட்டேன்னு அடம் பிடிக்கலாம், அதனால அதே செடிக்கு மாத்தறதுதான் நல்லது. மொட்டையான செடியைப் பத்திக் கவலைப்படாதீங்க. கறிவேப்பிலையை நுனியோட உடைக்க உடைக்கத்தானே தழையும், நம்ம பாட்டிங்க சொன்னதுதான். வேர் நல்லா இருந்தா, தண்ணியும் கொஞ்சம் புளிச்ச மோரும் ஊத்துங்க, மறுபடி துளிர் அடிச்சு வந்துடும்.

ஒண்ணு மட்டும் நேர்மையா சொல்லிடறேன். ஒட்டு கட்டின எலுமிச்சை நாத்து, நர்சரிக் கன்னு, இதெல்லாம் ரெண்டு புழு வந்தாலே காலி. அந்த மாதிரி பிஞ்சுச் செடிக்குக் கொசுவலை போட்டு மூடிடுங்க, முட்டையே வைக்க முடியாது.

தொட்டா அரிக்குமா? எங்க பையன் கையில எடுத்து வச்சிக்கறான், பயமா இருக்கு.
*வாசகர், திண்டுக்கல்*

அரிக்காது. அரிக்கறது முடி இருக்கற கம்பளிப்புழு, இதுக்கு முடியே கிடையாது, வழுவழுன்னுதான் இருக்கும். கடிக்காது, கொட்டாது. தாராளமா வச்சிக்கட்டும், ஆனா நசுங்காம இருக்கணும், எடுத்த கையைக் கழுவணும். இலையோட சேர்த்துத் தூக்கச் சொல்லுங்க, ஏன்னா அது இலை மேல மெல்லிசா பட்டுநூல் போட்டு அதைக் காலால பிடிச்சிட்டு உக்காந்திருக்கும், அப்படியே பிடிச்சு இழுத்தா கால் பிஞ்சுடும்.

நான் ஏழாவது படிக்கிறேன் ஆன்ட்டி. புழுவைக் குச்சியால தொட்டேன், தலையில இருந்து ரெண்டு சிவப்புக் கொம்பு வந்துச்சு, ஒரே நாத்தம். அது என்ன விஷமா?
*மாணவி, சேலம்*

விஷம் இல்லம்மா. நீ பார்த்தது எல்லாரும் பார்க்க முடியற விஷயம் இல்ல, நல்லாப் பார்த்திருக்க. தலைக்கும் கழுத்துக்கும் நடுவுல ஒரு மடிப்புக்குள்ள அந்தக் கொம்பை அது சுருட்டி வச்சிருக்கும், யாராவது சீண்டினா உடம்புல இருக்கற ரத்தத்தை அழுத்தி அதை வெளிய தள்ளும், கையுறையோட விரலை உள்ளிருந்து வெளிய தள்ளற மாதிரி. பாம்பு நாக்கு மாதிரி ரெண்டாப் பிரிஞ்சு ஈரமா மினுங்கும். அந்த நாத்தம் ஒரு வகை அமிலம், கெட்டுப்போன வெண்ணெய் வாசனையும் எலுமிச்சை இலையைக் கசக்கின வாசனையும் கலந்த மாதிரி இருக்கும். எறும்பு, சிலந்தி, சின்னக் குளவி இதெல்லாம் கிட்ட வந்தா விரட்டறதுக்குத்தான். அழகிக் குடும்பத்துப் புழு எல்லாத்துக்கும் இந்தக் கொம்பு உண்டு. அடிக்கடி குச்சியால குத்தாத, என்ன? பாவம் அது பயந்துபோய்தான் அதை நீட்டுது.

மேடம், ஒரே செடியில இருந்து எடுத்த மூணு புழுவை வளர்த்தேன். ஒண்ணு கறுப்பு, பின்இறக்கையில வெள்ளைப் புள்ளி வரிசையா. இன்னொண்ணும் அதே மாதிரி. மூணாவது வந்தது கறுப்புல சிவப்புப் புள்ளியும் நடுவுல வெள்ளைத் திட்டும். மூணுக்கும் வால் இருக்கு. எப்படி ஒரே செடிப் புழுவுல வேற வேற பூச்சி வரும்? போட்டோ அனுப்பியிருக்கேன்.
*வாசகர், நாகர்கோவில்*

உங்க போட்டோவைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துட்டு இருந்தேன் சார். மூணுமே கறிவேப்பிலை அழகிதான், இங்கிலீஷ்ல காமன் மார்மன்னு சொல்றது. இந்தப் பூச்சியை நான் இத்தனை வருஷமா விடாம வளர்க்கறதுக்குக் காரணமே நீங்க கேட்ட இந்தக் கேள்விதான், அதனால கொஞ்சம் நீளமா பதில் சொல்றேன்.

ஆண்பூச்சி எப்பவும் ஒரே மாதிரிதான். கறுப்பு, பின்இறக்கையில குறுக்கால வெள்ளைப் புள்ளி வரிசை. பெண்பூச்சி நம்ம நாட்டுல மூணு வேஷத்துல வரும். ஒரு பெண் அப்படியே ஆண் மாதிரி இருக்கும். இன்னொரு பெண் ரோஜா அழகிங்கற வேற ஒரு பட்டாம்பூச்சி மாதிரி, பின்இறக்கை நடுவுல வெள்ளைத் திட்டு, ஓரத்துல சிவப்பு. நீங்க வளர்த்த மூணாவது பூச்சி அதுதான். மூணாவது வகைப் பெண் சிவப்புடல் அழகி மாதிரி, முன்இறக்கையில வெள்ளைப் பட்டை, பின்இறக்கை முழுக்கச் சிவப்புப் புள்ளி. இந்த மூணாவது வேஷம் சிவப்புடல் அழகி பறக்கற இந்தியாவுலயும் இலங்கையிலயும்தான் இருக்கு. அசல் இல்லாத நாட்டுல நகல் இல்ல, இதை நினைச்சுப் பாருங்க.

ஏன் இந்த வேஷம்? ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும் புழுவா இருக்கும்போது திங்கறது ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி மாதிரிக் கொடி. பேரைப் பாருங்க, ஆடுதீண்டாப்பாளை. எதைப் பார்த்தாலும் வாய் வைக்கற ஆடே தொடாத செடின்னு நம்ம ஆளுங்க என்னைக்கோ கண்டுபிடிச்சுப் பேரு வச்சிட்டாங்க. அந்தக் கசப்பும் விஷமும் புழு உடம்புல சேர்ந்து பட்டாம்பூச்சி ஆன பிறகும் தங்கிடும். ஒரு கரிச்சானோ வேற குருவியோ ஒரு தடவை அதைப் பிடிச்சு வாயில வச்சா அப்பவே துப்பிடும், சிவப்புப் புள்ளி கறுப்பு இறக்கைன்னு மனசுல பதிஞ்சுடும், அதுக்கப்பறம் அந்தக் கலரைப் பார்த்தாலே விலகிடும். நம்ம கறிவேப்பிலை அழகி உடம்புல ஒரு விஷமும் கிடையாது, நல்ல தீனி. அதுதான் விஷக்காரியோட சேலையை எடுத்துக் கட்டிக்குது. சேலையை மட்டும் இல்ல, நடையையும்தான். சும்மா இருக்கறப்ப ரோஜா அழகி மாதிரியே நிதானமா மிதந்து மிதந்து பறக்கும், நீங்க கையை ஓங்கிப் பாருங்க, வேஷம் கலைஞ்சு விருட்டுன்னு வேலியைத் தாண்டிடும்.

ஒரே ஒரு இடத்துலதான் மாட்டிக்கும். உடம்பு. அசல் ரோஜா அழகிக்கும் சிவப்புடல் அழகிக்கும் தலையும் வயிறும் ரத்தச் சிவப்பு. வேஷக்காரிக்கு உடம்பு கறுப்பு. இறக்கையைப் பார்க்காதீங்க, உடம்பைப் பாருங்க, அப்போ யாருக்கும் தப்பாது. உங்க போட்டோவுல உடம்பு கறுப்பு.

அப்போ ஆண் மட்டும் ஏன் வேஷம் போடலன்னு அடுத்த கேள்வி வரும். பெண்பூச்சி வேலையைக் கிட்ட இருந்து பார்த்தா ஓரளவு புரியும். வயித்துல முட்டைச் சுமையோட பறக்கணும், ஒவ்வொரு செடியாப் போய் நிக்கணும், முன்னங்காலால இலையைத் தட்டித் தட்டி ருசி பார்க்கணும், இது எலுமிச்சைக் குடும்பமா இல்லையான்னு காலாலயே கண்டுபிடிக்கும், அப்பறம் வயித்தை வளைச்சு ஒரு முட்டை, மறுபடி அடுத்த இலை. இவ்ளோ நேரம் ஒரே இடத்துல சுத்தினா குருவி கண்ணுல படாம இருக்குமா? ஆணுக்கு அந்தக் கஷ்டம் இல்ல, வேகமாப் பறந்து ஓடிடலாம். ஆணோட நிறம் மாறினா பெண் அதை ஏத்துக்காதுங்கற விளக்கமும் இருக்கு. ரெண்டும் சேர்ந்தே இருக்கலாம்னு எனக்குத் தோணும்.

இன்னொரு கணக்கும் இதுல இருக்கு. அசல் நிறைய, நகல் கொஞ்சமா இருந்தாத்தான் ஏமாத்து செல்லும். வேஷக்காரி எண்ணிக்கை கூடிட்டா குருவி வாயில மாட்டறதெல்லாம் ருசியானதா இருக்கும், அப்பறம் அந்தக் கலருக்கு யார் பயப்படுவா? எல்லாப் பெண்ணும் ஒரே வேஷம் போடாம கொஞ்சம் பேர் ஆண் மாதிரியே இருக்கறதுக்கு இது ஒரு காரணம்.

ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர் நான். பெண்ணில் மட்டும் வெளிப்படும் இந்தப் பல உருவம் மரபணு அளவில் எப்படிக் கடத்தப்படுகிறது? சிவப்புத் தாய்க்கு வெள்ளைப் புள்ளி மகள் பிறக்க வாய்ப்புண்டா?
*வாசகர், தஞ்சாவூர்*

உண்டு ஐயா, தாராளமா பிறக்கும். உங்களுக்குத் தெரிஞ்ச மெண்டல் கணக்குதான். சிவப்புடல் அழகி மாதிரி வேஷத்துக்கு ரோமுலஸ்னு பேரு, அது ஓங்கு பண்பு, கூட எது இருந்தாலும் அதுதான் வெளிய தெரியும். அதுக்குக் கீழ ரோஜா அழகி மாதிரி இருக்கற ஸ்டிக்கியஸ். எல்லாத்துக்கும் கீழ ஆண் மாதிரி இருக்கற சைரஸ். தாய் கிட்ட ஒரு ரோமுலஸும் ஒரு சைரஸும் இருந்து, அதுல சைரஸ் மகளுக்குப் போய், தகப்பன் கிட்ட இருந்தும் இன்னொரு சைரஸ் வந்தா, மகள் ஆண் மாதிரிதான் இருப்பா. தகப்பன் கிட்டயும் வேஷத்துக்கான மரபணு இருக்கலாம், ஆனா அது உடம்புல வெளிய வராது, மகளுக்குக் குடுத்துட்டுப் போயிடும்.

1865லயே ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ்ங்கற இயற்கை ஆராய்ச்சியாளர் மலாய் தீவுகள் பக்கத்து அழகிகளைப் பத்தி எழுதினப்ப இந்த ஒரே இனத்துல பல பெண் சமாச்சாரத்தை எடுத்துச் சொல்லிட்டார். அதுக்கு ரொம்ப நாள் கழிச்சு இங்கிலாந்து லிவர்பூல்ல சிரில் கிளார்க்கும் ஃபிலிப் ஷெப்பர்டும் இந்தப் பூச்சிகளைக் கலப்பு பண்ணி வளர்த்து வளர்த்துப் பார்த்து 1972ல இதோட பரம்பரைக் கணக்கை வெளியிட்டாங்க. கிளார்க் ஒரு டாக்டர். ஆர்ஹெச் நெகட்டிவ் ரத்தம் இருக்கற அம்மாக்களுக்கு, அவங்க உடம்பு பிள்ளையோட ரத்தத்தை எதிர்க்காம இருக்க இன்னைக்குப் போடற ஆன்டி-டி ஊசி இருக்கு இல்லையா, அந்தச் சிகிச்சையைக் கொண்டு வந்தவங்கள்ல அவர் முக்கியமானவர், பட்டாம்பூச்சி வளர்த்துப் பரம்பரைக் கணக்குப் படிச்சதுல இருந்துதான் அவர் அந்த ரத்த விஷயத்துக்கே போனார். பூச்சி வளர்க்கறது வேலையத்த வேலைன்னு யாராவது சொன்னா நான் இதைத்தான் சொல்லுவேன்.

பல மரபணு ஒட்டிக்கிட்டு ஒரே கட்டாப் போகுதுன்னுதான் ரொம்ப நாள் நினைச்சாங்க. 2014ல பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்து கிருஷ்ணமேக் குண்டேயும் அமெரிக்க ஆளுங்களும் சேர்ந்து நேச்சர் பத்திரிகையில வெளியிட்டது வேற. டபுள்செக்ஸ்ங்கற ஒரே மரபணுதான் இந்த வேலை எல்லாம் பண்ணுது. உடம்பு ஆண் மாதிரி வளரணுமா பெண் மாதிரி வளரணுமான்னு சொல்ற அடிப்படை மரபணு அது. வேஷக்காரப் பெண்கள் கிட்ட அந்த மரபணு இருக்கற துண்டு தலைகீழாத் திரும்பிக் கிடக்கு, அதனால அது சைரஸோட துண்டுகூடக் கலந்து கெட்டுப் போகாம முழுசா அடுத்த தலைமுறைக்குப் போகுது. ஆண் பெண் வித்தியாசத்துக்குன்னு இருந்த ஸ்விட்சையே இறக்கையில கோலம் போடறதுக்கும் வச்சிக்கிச்சு. நீங்க விலங்கியல் பாடம் எடுத்தவர், இது உங்களுக்கு எவ்ளோ சந்தோஷம் தரும்னு எனக்குத் தெரியும்.

மார்மன்னா என்ன அர்த்தம்?
*வாசகி, மதுரை*

மார்மன்ங்கறது அமெரிக்காவுல ஒரு கிறிஸ்தவப் பிரிவு, ஒரு காலத்துல அவங்க கிட்ட ஒரு ஆண் பல பெண்களைக் கட்டிக்கற வழக்கம் இருந்துச்சு. ஒரு ஆண்பூச்சி, மூணு விதமான பெண்பூச்சின்னு இங்க காட்டுல மேட்டுல சுத்திப் பார்த்த வெள்ளைக்காரங்க அதை வச்சு இந்தப் பேரைக் குடுத்துட்டாங்க. எனக்கு அந்தப் பேர் பிடிக்காது, கறிவேப்பிலை அழகிதான் பிடிக்கும். ஆனா இதோட லத்தீன் பேருக்குப் பின்னாடி நல்ல கதை இருக்கு. 1758ல, உயிர்களுக்கு லத்தீன் பேர் வைக்கற முறையைக் கொண்டு வந்த லின்னேயஸ், இந்தக் குடும்பத்துப் பூச்சிகளுக்குப் பழைய கிரேக்கக் கதையில வர்ற ட்ராய் யுத்தத்து ஆளுங்க பேரா வச்சார். கறிவேப்பிலை அழகிக்கு பாலிடெஸ், சிவப்புடல் அழகிக்கு ஹெக்டர். ரெண்டு பேருமே ட்ராய் ராஜா பிரியாமோட புள்ளைங்க. எது எதைப் பார்த்து வேஷம் போடுதுன்னு யாருக்கும் தெரியாத காலத்துல வச்ச பேரு, அண்ணன் தம்பியா அமைஞ்சிடுச்சு.

அக்கா, எங்கட வீட்டுத் தேசி மரத்தில ரெண்டு கூடு இருந்தது. ஒண்டில இருந்து மஞ்சளும் கறுப்புமா வால் இல்லாத வண்ணாத்திப்பூச்சி வந்தது. மற்றதில இருந்து வண்ணாத்தி வரேல்ல, சின்னச் சின்னக் குளவியள் ஓட்டை போட்டுக்கொண்டு வந்ததுகள், எண்ண ஏலாது. என்ன நடந்தது?
*வாசகர், யாழ்ப்பாணம்*

முதல்ல வந்தது எலுமிச்சை அழகி தம்பி. வால் இல்லாட்டியும் அதே குடும்பம்தான், உங்க ஊர் தேசியிலயும் எங்க ஊர் எலுமிச்சையிலயும் நிறைய இருக்கும். அது வெயிலுக்கும் வெட்டவெளிக்கும் அஞ்சாத பூச்சி. 2004ல கடல் தாண்டி டொமினிக்கன் குடியரசுல போய் முளைச்சு, அங்க இருக்கற எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டக்காரங்களுக்குத் தலைவலி ஆயிடுச்சு.

ரெண்டாவது கூட்டுல நடந்தது கொஞ்சம் மனசு கஷ்டப்படற விஷயம். டெரோமாலஸ்னு ஒரு வகைக் குளவி இருக்கு, கொசுவை விடச் சின்னது, பச்சையா உலோகம் மாதிரி மின்னும். புழு கூட்டுப்புழுவா மாறப் போகுதுன்னு தெரிஞ்சா பக்கத்துலயே காத்துட்டு உக்காந்திருக்கும். புழு கடைசித் தோலை உரிச்சதும் கூட்டு ஓடு இறுகறதுக்குள்ள ஊசியை இறக்கி உள்ள முட்டை வச்சிடும். உள்ள இருக்கறதை எல்லாம் குளவிக்குஞ்சுங்க தின்னுட்டு ஒரு சின்ன ஓட்டை வழியா வரிசையா வெளிய வரும். முதல் தடவை பார்த்தப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஆனா ஒரு பூச்சி வைக்கற முட்டை எல்லாம் பட்டாம்பூச்சி ஆனா உங்க ஊர்ல ஒரு தேசி மரத்துல இலை நிக்காது, அதனால குளவியைக் கொல்லாதீங்க.

நாங்களும் வளர்க்கிறோம், ஆனா பாதி செத்துப் போகுது, வந்த ஒண்ணும் இறக்கை சுருங்கிப் பறக்க முடியாமப் போச்சு. என்ன தப்பு பண்றோம்?
*அபார்ட்மென்ட் குழந்தைகள் சார்பில் ஒரு அம்மா, சென்னை*

நீங்க பண்ற தப்பு எல்லாம் நான் பண்ணினதுதாம்மா. முதல் வருஷம் வீட்டுச் செடியில இலை தீர்ந்துபோச்சுன்னு கடையில வாங்கின கறிவேப்பிலையை நல்லாக் கழுவித்தான் போட்டேன். மறுநாள் காலையில ரெண்டு புழுவும் கறுத்துத் தொங்கிட்டு இருந்துச்சு. மருந்து அடிச்ச இலையா இருந்திருக்கணும். அன்னைல இருந்து கடை இலை போடறதே இல்ல. உங்க மாடியிலயோ தெரிஞ்சவங்க வீட்டுலயோ மருந்து படாத செடி இருந்தா மட்டும் வளருங்க.

அடுத்தது டப்பா. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுல வச்சா உள்ள வேர்த்துடும், புழு போடற எச்சம் ஈரத்துல பூஞ்சை பிடிக்கும், நோய் வந்துடும். வலை போட்ட கூடை, இல்லன்னா கொசுவலை கட்டின பழைய சோத்துக்கூடை போதும். தினம் எச்சத்தைத் தட்டிடுங்க. இலைக்கொத்தைச் சின்ன மருந்து பாட்டில் தண்ணியில சொருகி, வாயைப் பஞ்சு வச்சு அடைச்சிடுங்க, இல்லன்னா புழு தண்ணிக்குள்ள இறங்கிச் செத்துடும்.

பச்சைப்புழு ஒரு நாள் திங்கறதை நிறுத்திட்டு ஈரமா ஒரு பெரிய எச்சம் போட்டுட்டு அங்க இங்கன்னு நடக்க ஆரம்பிக்கும், நோய்னு பயந்துடாதீங்க, அது இடம் தேடுது. ஒரு நல்ல குச்சி வச்சுக் குடுங்க. வாலைப் பட்டுநூல்ல குச்சியோட பதிச்சுட்டு இடுப்பைச் சுத்தி ஒரு கயிறு கட்டிக்கும், பனையேறி இடுப்புக் கயிறு போட்டுச் சாஞ்சு நிப்பாரே, அச்சு அசல் அப்படியே. பச்சை இலைக்கு நடுவுல கட்டினா கூடு பச்சையா இருக்கும், காஞ்ச சொரசொரப்பான குச்சியில கட்டினா பெரும்பாலும் பழுப்பா இருக்கும். எட்டுல இருந்து பன்னெண்டு நாள் ஆகும், ஊர்ச் சூட்டைப் பொறுத்தது. வர்றதுக்கு முந்தின நாள் கூடு கறுக்கும், உத்துப் பார்த்தா உள்ள இறக்கைப் புள்ளியே தெரியும், சிவப்பா வெள்ளையான்னு எங்க வீட்ல அன்னைக்கு ராத்திரி பெரிய வாக்குவாதமே நடக்கும்.

விடியக்காலம் கூடு வெடிச்சு வெளிய வரும்போது இறக்கை நனைஞ்ச துணி மாதிரி கசங்கித்தான் இருக்கும். அது மேல ஏறித் தலைகீழாத் தொங்கணும், தொங்கினாத்தான் வயித்துல இருக்கற நீரை நரம்புக்குள்ள தள்ளி இறக்கையை விரிக்க முடியும். நான் ஒரு தடவை கூட்டைக் கொண்டுபோய் டப்பா மூடியை ஒட்டினாப்ல வச்சிட்டேன், விரிக்க இடம் இல்ல, மூடியில முட்டி மடங்கி அப்படியே காஞ்சுபோச்சு. காஞ்சுட்டா அவ்ளோதான், திரும்ப நிமிராது. ரெண்டு நாள் சர்க்கரைத் தண்ணியைப் பஞ்சுல நனைச்சுக் குடுத்து வச்சிருந்தேன், அந்த உறிஞ்சுகுழலை நீட்டி நீட்டிக் குடிச்சது இன்னும் கண்ணுல நிக்குது. நீங்க தொங்கறதுக்கு மேலயும் கீழயும் ஒரு சாண் இடம் விடுங்க, தொடாதீங்க, உதவி பண்றேன்னு கூட்டைப் பிரிச்சு விடாதீங்க. ரெண்டு மூணு மணி நேரம் ஆனதும் தானாப் பறந்துடும்.

ரோஜா அழகியும் வரணும்னா ஆடுதீண்டாப்பாளை வைக்கலாமா? எங்க பாட்டி அதை விஷக்கடிக்கு அரைச்சுக் குடிச்சாங்களாம், அதுக்கும் ஆகுமே.
*வாசகர், விருதுநகர்*

பூச்சிக்காக வைங்க, ரொம்ப நல்லது. ஈஸ்வரமூலி வேலியில கொடியா ஏறும், ஆடுதீண்டாப்பாளை வெறும் கரிசல்லயே தரையோட படர்ந்துடும். இந்த ரெண்டும் இல்லாமப் போனா அந்த ரெண்டு அழகியும் உங்க ஊரை விட்டுப் போயிடும், இந்த வகைச் செடியை விட்டா அவங்க புழுவுக்கு வேற சாப்பாடு கிடையாது. ஆனா நீங்க குடிக்காதீங்க. பாட்டி மேல எனக்கும் மரியாதை உண்டு. அந்தச் செடியில இருக்கற அரிஸ்டோலோகிக் அமிலம் மனுஷனோட கிட்னியைக் கெடுக்கும், கேன்சரும் வரவைக்கும்னு உறுதியாத் தெரிஞ்சுபோன விஷயம். பாம்பு கடிச்சா ஒரு நிமிஷம் தாமதிக்காம அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, விஷமுறிவு ஊசி அங்கதான் இருக்கு.

நான் விட்ட பட்டாம்பூச்சி திரும்ப எங்க வீட்டுக்கு வருமா?
*மூணாம் வகுப்பு மாணவன், கோயம்புத்தூர்*

அதுக்கு உங்க வீடு ஞாபகம் இருக்காது கண்ணு. அது ஒரு வாரமோ ரெண்டு வாரமோதான் உயிரோட இருக்கும். அதுக்குள்ள இட்லிப்பூவுலயும் உண்ணிச்செடிப் பூவுலயும் தேன் குடிக்கணும், ஆணா இருந்தா ஈர மண்ணுல உக்காந்து உப்பு உறிஞ்சணும், ஜோடி தேடணும். ஆனா பெண்ணா இருந்தா, முட்டை வைக்க ஒரு கறிவேப்பிலைச் செடியைத் தேடித்தான் ஆகணும், உங்க செடியில புதுத் துளிர் இருந்தா அதுவோ அதோட மகளோ வந்து காலால தட்டிப் பார்க்கும். எங்க வீட்டுத் தொட்டியில நேத்து மத்தியானம் ஒண்ணு வந்துட்டுப் போச்சு, சிவப்புப் புள்ளிக்காரி, உடம்பு கறுப்பு. மேல் துளிர்ல ரெண்டு முட்டை, கீழ ஒண்ணு. கீழ இருக்கறது முன்னாடியே வச்சதுபோல, இன்னைக்குக் காலையில பார்த்தா மஞ்சள் மாறிக் கறுக்க ஆரம்பிச்சிருக்கு, நாளைக்குப் பொரிஞ்சுடும்.